அம்பிகையின் காருக்கு வந்த பிரெஸ்

சோமாஸ்கந்தன் வீட்டுப் பிரெஸ்ஸை ஒருமுறை அமத்தினால் நாரந்தனைக் கிணறுகளில் எல்லாம் தண்ணீர் ஒரு முழம் மேலே வரும். நயினாதீவுத் துறையில் கட்டிய படகு தானாகவே கயிறு அறுத்துக்கொண்டு வெளிக்கிடும். இது புளுகு. புளுகைக் கழித்தால் மிஞ்சுவது, காரின் இறுகிய துண்டுகளை அமத்தி அழுத்துவதற்கென்று ஆள் உயரத்தில் ஓர் இரும்புச் சட்டமும், அதன் மேல் விட்டத்தில் கையால் அடிக்கத் தண்டு கீழே இறங்குகிற ஓர் எண்ணெய் ஜக்கும்தான். ஆனால் அந்த இரும்பால் ஒரு வீட்டுக் கார் கைமாறப் பார்த்தது என்பது புளுகல்ல.

சோமாஸ்கந்தன் தபாற்கந்தோர்க் கிளாக்கர். பகல் முழுக்கப் பிறர் கடிதங்களில் முத்திரை குத்தி அனுப்புவார். எந்தக் கடிதம் எங்கே போய் என்ன ஆயிற்று என்று அவருக்கு ஒருநாளும் தெரியவராது. பின்னேரம் வீட்டுக்கு வந்து, மொறிஸ் மைனர் காருக்குக் கீழே பாயை விரித்துப் படுத்தால் மட்டும், தொட்ட வேலை தன் கையிலேயே முடிவதைக் காண்பார். நயினாதீவுக் கோயிலில் புராணம் படிக்கையில் பயன், அதாவது பொருள், சொல்லுகிற தகப்பனுக்குப் பிறந்த பிள்ளை இப்படிக் கிறீஸ் பூசிக்கொண்டு கிடக்கிறதே என்று சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு சிக்கல். கார் அவருடையதல்ல. மனைவி அம்பிகைக்குத் தகப்பன் அம்பலவாணர், காலி நகரத்தில் சுருட்டுக்கடை வைத்து உழைத்த காசில், சீதனமாகக் கொடுத்தது. எங்கள் பக்கத்து வழக்கத்தில் சீதனம் பெண்ணின் சொத்து. வைத்திருப்பதும் விற்பதும் அவள் இஷ்டம். புருஷன் தலைகீழாக நின்றாலும் தடுக்கமுடியாது.

வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோய், காரில் ஒரு துண்டு உடைந்தால் மறு துண்டு கிடைக்காத வருஷங்கள் அவை. அந்த நேரம் பார்த்து, பின் சில்லின், அதாவது சக்கரத்தின், நடுக் குடத்துக்குள் இறுகிக் கிடந்த பேரிங்கைக் கழற்றச் சோமாஸ்கந்தன் சுத்தியலால் தட்டினார். குடம் வெடித்தது. யாழ்ப்பாணமெல்லாம் அலைந்து அவர் பழைய குடம் ஒன்றைப் பிடித்து வந்தபோது அம்பிகை வாசலிலேயே நின்றாள்.

"இதையும் உடைச்சீங்களெண்டால் காரை விலைக்குக் கேட்டுத் திரியிற வேலணைச் செல்வரத்தினத்துக்குக் குடுத்திடுவன். ஞாயிற்றுக்கிழமை வந்து பாக்கச் சொல்லியிருக்கிறன்."

"உடையாது. பேரிங்கைத் தட்டாமல் அமத்தி இறக்க ஒரு பிரெஸ் வேணும். அவ்வளவுதான்."

யாழ்ப்பாணம் கொட்டடியில் தம்பிஐயா என்பவர், கார் திருத்துகிற தன் கராச்சை மூடிவிட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அங்கே பிரெஸ் இரண்டு இருந்தன. பெரியதன் விலையைக் கேட்டதும் சோமாஸ்கந்தனின் கண் தானாகவே சின்னதன் பக்கம் திரும்பியது.

"பெரிசு கராச்சுக்காரருக்கு, ஐயா. உங்கடை ஒரு காருக்கு இது காணும்."

"தாங்குமோ?"

"யானையைக் கொண்டுவந்து வையுங்கோவன்."

யானை கைக்கு அகப்படாததால் சோமாஸ்கந்தன் ஜக்கை வெறுமனே அடித்துப் பார்த்தார். எண்ணெய் ஒழுகவில்லை. பச்சைப் பெயின்ற் பளபளத்தது. விலையும் கைக்கு அடக்கம். வாங்கிவிட்டார்.

சனிக்கிழமை பின்னேரம் லொறியிலிருந்து அதை இறக்கி வேப்பமரத்தடியில் நிறுத்த, பக்கத்து வளவுக் கிறிஸ்தோப்பர் கைகொடுத்தார். கடலுக்குப் போகிற மனிதர், தோள் பலமானது.

"எதையாவது வைச்சு அமத்திப் பாத்தோ வாங்கினனீங்கள்?" என்றாள் அம்பிகை.

"ஜக் நல்லா ஏறி இறங்கினது."

"கத்தரிக்காயைக்கூடச் சனம் அமத்திப் பாத்துத்தான் வாங்குது. அமத்துற சாமானைச் சும்மா பாத்து வாங்கின ஆள் நீங்கள்தான்."

கிறிஸ்தோப்பர் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்பிகை குசினிக்குப் போய்க் கைநிறையத் தேசிக்காயோடு (எலுமிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) வந்தாள்.

"முதல் இதை வையுங்கோ."

"உது புதுக் காரின்ரை சில்லுக்குக் கீழை வைக்கிறது. இது ஓடுற சாமானே?"

"புராணப்படிப்புக்காரற்றை மகனுக்கு இதையும் நான் சொல்லவேண்டிக் கிடக்கு."

"வையுங்கோ அண்ணை," என்றார் கிறிஸ்தோப்பர். "நாங்கள் புது வள்ளத்துக்குச் சுவாமியாரைக் கூட்டிவந்து, சாப்பாடும் குடுக்கவேணும். தேசிக்காய் மலிவு."

சோமாஸ்கந்தன் வைத்தார், அடித்தார். ஜக்கின் தண்டு இறங்கியது. தேசிக்காய் பாதி நசிந்து, வழுக்கிப் பாய்ந்து கிறிஸ்தோப்பரின் நெஞ்சில் பட்டது.

"உங்கடை பிள்ளையாருக்கு என்னிலை என்ன கோவம் அக்கா?"

அடுத்ததும் அவர் பக்கமே பாய்ந்தது.

"உருண்டைச் சாமான் வழுக்கும்தானே," என்று சோமாஸ்கந்தன் குடத்தைத் தூக்கினார். அம்பிகை அதைப் பறித்து, பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஒரு தேசிக்காயைப் பாதியாக வெட்டி, வெட்டிய பக்கம் கீழே இருக்க அவளே வைத்தாள்.

"இனி உருளாது. அடியுங்கோ."

எடுத்துப் பார்த்தபோது ஒரு விளிம்பு வெற்றிலை மாதிரி மெலிந்திருந்தது. மற்ற விளிம்பு விரல் தடிப்பில் அப்படியே இருந்தது. தண்டு சரிந்து இறங்குகிறது.

சோமாஸ்கந்தன் அந்தத் தோலின் இரண்டு விளிம்பையும் விரலுக்கிடையில் பிடித்துப் பார்த்தார். அந்த இடத்தில் தேசிக்காய்க்குப் பதில் குடம் இருந்திருந்தால், பாரமெல்லாம் ஒரு பக்கம் ஏறி வெடித்திருக்கும். நாளைக்குக் கார் வேலணைக்குப் போயிருக்கும்; பின்னேரங்களில் அவருக்குப் பாய் விரிக்க இடமிருந்திராது. மலிவாக வாங்கியது பிழையென்று அவருக்குத் தோன்றவில்லை. மலிவாக வாங்கியதைத் தன் கெட்டித்தனம் என்று எண்ணிக்கொண்டு வந்தாரே, அந்த மகிழ்ச்சிதான் கண்ணை மறைத்தது.

"பிழை என்ரைதான்," என்றார் மெதுவாக. அம்பிகை அப்போதும் குடத்தைக் கீழே வைக்கவில்லை.

கிறிஸ்தோப்பர் வலையின் ஈயக்குண்டு ஒன்றை நூலில் கட்டிக் கொத்தனாரின் தூக்குநூல் போலத் தூக்கிப் பிடித்தார். தூண்கள் நேராகத்தான் நின்றன. ஜக்கைத் தாங்கிய மேல் விட்டம்தான் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. பிஸ்கற் பேணியின் தகட்டை வெட்டி ஜக்குக்கும் விட்டத்துக்கும் இடையில் ஒரு பக்கம் அண்டையாகச் செருகினார்கள். ஒரு தகடு, ஒரு பாதித் தேசிக்காய்; மறுபடி ஒரு தகடு, மறுபடி ஒரு பாதி. நசிந்ததையெல்லாம் அம்பிகை உப்புப் போட்டு ஊறுகாய்ச் சாடிக்குள் போட்டாள். பொழுதுபட, ஒரு பாதி சுற்றிவர ஒரே தடிப்பில் நசிந்தது. அதை விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் குடம் அவள் இடுப்பிலிருந்து இறங்கியது.

பேரிங் ஒரு சின்ன முனகலோடு உள்ளே போய் உட்கார்ந்தது. குடத்தில் ஒரு கீறல்கூட இல்லை.

மறுநாள் செல்வரத்தினம் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். சோமாஸ்கந்தன் கையைத் துடைத்துக்கொண்டு முன்னுக்கு வந்தார்.

"வீணா அலைஞ்சிட்டீர். இவ காரை இனி விக்கமாட்டா. பிரெஸ்ஸிலை ஒரு சரிவு இருந்தது, நான் கண்டவுடனை பிடிச்சிட்டன்."

அம்பிகை செல்வரத்தினத்தின் கையில் தேத்தண்ணியைக் கொடுத்தாள்.

"பிடிச்சது இவரில்லை. விக்கமாட்டனெண்டு நான் சொன்னதுமில்லை. இந்த வருஷம் விக்கேல்லை, அவ்வளவுதான்."