தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம்

விசைப்படகு ஓட்டுகிறவன் கையைக் கிழித்துக்கொண்டால் அது துறைமுகத்தில் பெரிய சேதி இல்லை. எனக்குக் கிழிந்தது ஐப்பசி மழையில். வலையை இழுக்கும் வின்ச்சில் ஏறிக்கொண்டிருந்த இரும்புக் கம்பியில் ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. வலது மணிக்கட்டின் உள்பக்கத்தை அரிந்துவிட்டது. காப்பித்தூளை அப்பி, பழைய கைலியைக் கிழித்துக் கட்டிக்கொண்டு, போட்ட வலையை வாரிவிட்டுத்தான் கரைக்கு வந்தோம்.

பக்கத்துக் கிளினிக்கில் தோலைத் தைத்தார்கள். "பெருவிரல்ல உணர்ச்சி இல்லையே, நரம்பு அறுந்திருக்கும். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார் அங்கிருந்த டாக்டர். பெரிதாகத் தலையை ஆட்டினேன். தடைக்காலத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று மனதுக்குள் முடிவெடுத்தாகிவிட்டது.

எங்களுக்கு எல்லாமே அப்படித்தான். சித்திரையில் மீன்பிடித் தடை தொடங்கினால் இரண்டு மாதம் படகு கடலுக்குப் போகாது. பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது, பெண் பார்க்கப் போவது எல்லாம் அந்த இரண்டு மாதத்தில்தான். நடுவில் டிரைவர் படுத்துவிட்டால் படகு நின்றுவிடும், ஏழு பேர் வீட்டில் கிடக்க வேண்டும். எனக்கு விரல் மடங்கியது, சக்கரத்தைப் பிடிக்க முடிந்தது. பெருவிரலிலும் அடுத்த இரண்டு விரலிலும் உணர்ச்சிதான் இல்லை. போனால் போகிறது என்று ஆறு மாதம் ஓட்டினேன். என் மனைவி இருந்திருந்தால் அன்றைக்கே பிடரியில் கைவைத்துத் தள்ளிக்கொண்டு போயிருப்பாள். அவள் இறந்து அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. மகன் சரக்குக் கப்பலில் இருக்கிறான். எப்போதாவது போன் வரும். "கை எப்படிப்பா இருக்கு?" என்பான். "அது ஆறிட்டுலே" என்பேன்.

ஆறியது தோல்தான். மரத்துப்போன விரல் எவ்வளவு பெரிய சனியன் என்பது சாப்பிட உட்காரும்போது தெரியும். மீனில் முள்ளைக் கண்டுபிடிப்பது கண் இல்லை, விரல். ஒரு நாள் சாளை முள் தொண்டையில் குத்தி, முதுகைத் தட்ட ஒரு ஆள் இல்லாமல், சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். பயந்துபோய்விட்டேன், மறைப்பானேன். மறுநாளிலிருந்து இடது கையால் சாப்பிட ஆரம்பித்தேன். நாலு பேர் முன்னால் அப்படிச் சாப்பிட முடியுமா? மாதா கோயில் அசன விருந்துக்குக் கூப்பிட்டார்கள், போகவில்லை. கல்யாண வீடுகளில் முகத்தைக் காட்டிவிட்டுப் பந்திக்கு முன்பே நழுவினேன். "ஏலே, எங்க வீட்டுச் சோறு ஒனக்கு இறங்காதோ?" என்று ஒரு சொந்தக்காரர் கேட்டார். காரணத்தைச் சொல்ல வெட்கமாக இருந்தது, செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். கூப்பிடுவது குறைந்தது. பிறகு நின்றுபோனது.

தடைக்காலத்தின் முதல் வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

"வெட்டுப்பட்டு எவ்வளவு நாளாச்சு அண்ணாச்சி?" என்றார் டாக்டர்.

"ஆறு மாசம் இருக்கும் சார்."

"இவ்வளவு நாள் என்ன செஞ்சீய?"

"ரிப்பேர் எல்லாம் தடைக்காலத்துலதான சார் பாப்போம்."

"நீங்க என்ன விசைப்படகா? கரையில ஏத்திப் போட்டா போட்டபடி கிடக்க?"

பிறகு அவரே தணிந்து, ஒரு தாளில் படம் போட்டுச் சொன்னார். அறுந்த நரம்பில் விரல் பக்கம் உள்ள துண்டில், நரம்பைச் சுற்றியிருந்த செல்கள் உயிரோடுதான் இருக்குமாம். அவை ஒருவகைப் புரதத்தைச் சுரக்கும், அதற்கு வளர்ச்சிக் காரணி என்று பெயர். வளர்ந்து வரும் நரம்பின் நுனியில் ஏற்பிகள் இருக்கின்றன. அந்தப் புரதம் வந்து ஏற்பியில் ஒட்டினால்தான் நுனி நகரும், போகவேண்டிய வழியும் தெரியும். அந்தச் செல்களிலும் ஏற்பிகள் உண்டு. நரம்பிடமிருந்து அவற்றுக்கும் அதேபோல் ஒரு புரதம் வந்து சேர வேண்டும். மாதக்கணக்கில் எதுவும் வராவிட்டால் அவை சுரப்பதைக் குறைத்துக்கொள்ளும், பல செத்தும் போகும்.

"ரெண்டு பக்கமும் ஒண்ணை ஒண்ணு கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும் அண்ணாச்சி. நான் தைச்சு விடுதேன். அங்கன கூப்பிட இன்னும் ஆளு இருக்கான்னு எனக்குத் தெரியாது" என்றார்.

காலிலிருந்து ஒரு நரம்பை எடுத்து மணிக்கட்டு இடைவெளியில் வைத்துத் தைத்தார். பாதத்தின் ஓரமும் மரத்துப்போனது. கையைக் கேட்டுப் போனவன் காலிலும் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தேன். நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளரும், ஒரு வருடத்துக்குள் தொட்டால் தெரிய வேண்டும், இல்லையென்றால் எதிர்பார்க்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

படகை வேறொருவர் ஓட்டினார். நான் வீட்டில் உட்கார்ந்து தினமும் காலையில் மணிக்கட்டிலிருந்து விரல் பக்கமாகத் தட்டிப் பார்ப்பேன். எந்த இடத்தில் சுள்ளென்கிறதோ அங்கே பேனாவால் ஒரு புள்ளி வைப்பேன். புள்ளி நகர நகர, யாரோ வீட்டுக்கு வந்துகொண்டிருப்பதுபோல் இருக்கும். உள்ளங்கையின் நடுவில் வந்து ஒரு மாதம் அசையவே இல்லை. அந்த மாதம் நான் யாருடனும் பேசவில்லை.

பத்தாவது மாதம் சோதனைக்குப் போனேன். கைப்பயிற்சி கொடுக்கிறவருக்கு என் வயது இருக்கும். என் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் மல்லாத்தி வைத்துக்கொண்டார். "கண்ண மூடிக்கோங்க அண்ணாச்சி. நைலான் இழையால தொடுவேன். தெரிஞ்சா சொல்லணும்."

நடுவிரலில் ஒன்றும் தெரியவில்லை. ஆள்காட்டி விரலிலும் இல்லை. பெருவிரலில் எறும்பு ஊர்ந்ததுபோல் ஏதோ. மாதாவே! தெரிந்தது.

"தெரியுதா?"

அவருடைய கை வெதுவெதுப்பாக இருந்தது. அவள் போன பிறகு என் கையை யாரும் அவ்வளவு நேரம் பிடித்ததில்லை.

"இல்ல" என்றேன்.

மறுபடி தொட்டார். மறுபடியும் தெரிந்தது. மறுபடியும் இல்லை என்றேன். மூன்றாம் முறையும் அதே. அவர் பெருமூச்சு விட்டார். "சரி, வரலைன்னு எழுதிருதேன். டாக்டர்ட்ட பேசிக்கிடுவோம்" என்று என் கையை மெதுவாக மேசைமேல் வைத்தார்.

"எழுதாதீங்க சார். தெரிஞ்சுது. மொதத் தடவையே தெரிஞ்சுது."

"பின்ன ஏன் இல்லன்னு சொன்னீய?"

கண்ணைத் திறக்காமலே சொன்னேன்.

"தெரியுதுன்னா கையை விட்ருவீய."