என்ன கறியென்று தெரியாத ஊர்

கழற்றிய பெட்சீற்றை உதறுவதற்கு முன் கமலாதேவி அதை ஒருமுறை மூக்கில் வைத்துப் பார்ப்பாள். அருவருப்பெல்லாம் பதினெட்டு வருசத்துக்கு முன்னமே போய்விட்டது. உப்புவெளிக் கடற்கரையில் ஸைனுலாப்தீன் முதலாளியின் கெஸ்ற் ஹவுசில் அவள் கூட்டித் துடைக்கிறது ஒன்பது அறை. எந்த அறையில் யார் நித்திரை கொண்டார்கள், யார் விடியவிடியப் புரண்டார்கள் என்று அந்த மூக்கு சொல்லிவிடும். "கொழும்புக்காரர் பொரிச்ச கோழியைக் கட்டிலில வைச்சுத்தான் தின்னுவினம். வெள்ளைக்காரர் பரவாயில்லை, மணலும் எண்ணெயும் மட்டுந்தான்" என்பாள்.

கொரோனா ஓய்ந்த பிறகு முதலாளி வாசலில் ஒரு புதுப் பலகை அடித்தார். மனதுக்கு ஓய்வு, ஐந்து நாள், காலையில் யோகாசனம், மாலையில் இளநீர் என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்து மூளை புளித்துப்போன சனமெல்லாம் வந்து இறங்கியது. அதில் ஒரு ஜெர்மன்காரி வெள்ளனவே எழும்பி, கடலைப் பார்த்துப் பாய் விரித்து, கண்ணை மூடிச் சிலை மாதிரி இருப்பாளாம். பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். கமலாதேவி மட்டும் நம்பவில்லை.

"பெரியம்மா, அவவின்ர தலகணி உறையைப் பிழிஞ்சால் ஒரு சுண்டு கண்ணீர் வரும். உவ ஓய்வெடுக்க வரேல்ல. அழுகிறதுக்கு இடம் தேடி வந்தவ."

என்னைப் பெரியம்மா என்பது சும்மா மரியாதைக்கல்ல. அவள் தாயும் நானும் ஒரு அக்காவும் தங்கச்சியும் ஆளுக்கொன்றாய்ப் பெற்ற பிள்ளைகள். பாலையூற்றில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிடுகு வேலிதான். வேலியில் உள்ள ஓட்டை என் பக்கமிருந்து பெரிதாகிக்கொண்டு வருகிறது.

அவளைக் கட்டிய கனகரத்தினம் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தப் பரம்பரையை எனக்கு நாலு தலைமுறையாகத் தெரியும். அவன் அப்பாவின் அப்பா ஈச்சிலம்பற்றில் இருந்தவர். படுத்திருந்த பாயில் பாம்பு ஏறியபோதும் எழும்பாமல், தடியைக் கொண்டு வா என்று பெண்சாதியைக் கூப்பிட்ட மனுசன். அப்பா, தேத்தண்ணிக்குச் சீனி கலக்கிற கரண்டியைக்கூடத் தானாக எடுக்காதவர். கனகரத்தினம் கொஞ்சம் முன்னேறியிருக்கிறான்: குடித்து முடித்த கோப்பையைத் தள்ளி வைப்பான். மகன் கஜீபன் கட்டாரில் தானே சமைத்துத்தான் தின்கிறானாம். விமானம் கட்டுநாயக்கவில் இறங்கியதும் அந்தக் கை விளங்காமல் போய்விடும்.

இப்படியொரு வீட்டிலிருந்து கமலாதேவி ஒரேயொரு பயணம் போனாள். இருபத்தொன்றாம் ஆண்டு, அவள் அறை கூட்டிய விருந்தாளி ஒருவருக்குக் கொரோனா என்று தெரியவந்தது. அவளைப் பதினாலு நாள் தனிமைப்படுத்தலுக்கு, எங்கள் வாயில் கொரண்டைனுக்கு, பஸ்ஸில் ஏற்றினார்கள். படலையில் குடும்பமே நின்று ஒப்பாரி வைத்தது. நானும் வேலி ஓட்டைக்குள்ளால் கையை விட்டுக் காட்டி அழுதேன். அவளும் பஸ் கந்தளாய் தாண்டும் மட்டும் அழுதாளாம்.

"பிறகு பாத்தன் பெரியம்மா, யன்னல் கரை சீற். மடியில பிள்ளை இல்லை. காலுக்குள்ள சாமான் இல்லை. எனக்கு அழுகை நிண்டிட்டு."

போய்ச் சேர்ந்தது மலைநாட்டில் ஏதோ ஒரு பயிற்சிக் கல்லூரி. ஆளுக்கொரு அறை. ஒரு கட்டில், ஒரு கம்பளி, யன்னலுக்கு வெளியே பனி. ஒலிபெருக்கியில் ஒரு சிப்பாய் உடைந்த தமிழில், யாரும் வெளியே வரக்கூடாது, யாரும் யாரோடும் கதைக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்ல, மற்ற அறைகளில் சனம் தலையில் அடித்துக்கொண்டதாம். இவள் கதவை உள்ளுக்குப் பூட்டிவிட்டு, அந்தக் குரலைத் தாலாட்டு மாதிரிக் கேட்டுக்கொண்டு படுத்தாள். மூன்று நேரமும் கதவில் இரண்டு தட்டு. திறந்தால் வாசலில் போட்ட கதிரையில் சாப்பாட்டுப் பார்சல் இருக்கும், ஆள் இருக்காது.

"பிரிக்க முந்தி மணந்து பாப்பன். இண்டைக்கு என்ன கறி எண்டு எனக்குத் தெரியாது, பெரியம்மா. கலியாணம் கட்டி முப்பது வருசத்தில அதுதான் முதல் தரம்."

எதைச் சொன்னாலும் சிரித்துச் சொல்கிறவள், இதைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பதில்லை.

பதினாலாம் நாள் கொடுத்த சான்றிதழுக்குச் சட்டம் போட்டு அலுமாரிக்கு மேலே மாட்டியிருக்கிறாள். மகனுடைய சாதாரண தரச் சான்றிதழ் அதற்குக் கீழே. அவன் கணிதத்தில் இரண்டாம் முறைதான் தப்பினவன். இவள் முதல் முறையிலேயே பாஸ்.

போன சித்திரைக்குக் கஜீபன் லீவில் வந்தான். கொரோனாவுக்குப் பிறகு வீட்டில் எல்லோருக்கும் மனசு கனத்துக் கிடக்கிறது, எங்கேயாவது போய்வரவேண்டும் என்று பேச்செடுத்தான். ஆளாளுக்குத் தங்கள் கனவு ஊரைச் சொன்னார்கள். மருமகள் லோஜினி பரிஸ் என்றாள். கனகரத்தினம் காசி என்றான். காசியில் தனக்கு யார் தேத்தண்ணி ஊற்றுவது என்று யோசித்திருக்க மாட்டான். அம்மாவுக்கு எங்கே போக விருப்பம் என்று கஜீபன் கேட்டான்.

"கொரண்டைனுக்கு" என்றாள் கமலாதேவி.

வீடே சிரித்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான் சிரிக்கவில்லை.

கடைசியில் நுவரெலியா என்று முடிவானது. மூன்று நாள், பதினொரு பேர், ஒரு வான். கடைச் சாப்பாடு தன் வயிற்றுக்கு ஆகாது என்று கனகரத்தினம் சொல்ல, குசினி உள்ள வீடொன்றை மகன் பிடித்தான். புட்டுப் பானை, சம்பா அரிசி, மிளகாய்த்தூள், கருவாடு என்று, அம்மியைத் தவிர மற்றதெல்லாம் வாசலுக்கு வந்தது. மாமியின் மனசு ஆறத்தான் இந்தப் பயணமே என்று லோஜினி என்னிடம் சொன்னாள். மாமிக்கு ஒதுக்கிய சீற் நடுவில். மடியில் பேரன், காலுக்குள் புட்டுப் பானை.

புறப்படுகிற காலை எல்லோரும் ஏறிவிட்டார்கள். கமலாதேவி வான் படியில் ஒரு காலை வைத்தாள். எடுத்தாள். இரண்டு முறை இருமினாள்.

"தம்பி, எனக்கு மணம் தெரியேல்ல."

இப்போது இருமலுக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அந்த ஒரு வசனத்தை எங்கள் சனம் இன்னும் மறக்கவில்லை. லோஜினி சால்வையால் பிள்ளையின் மூக்கைப் பொத்தினாள். கனகரத்தினம் லேசில் விடுகிற ஆளா? புட்டுக்கே ஆபத்து வந்துவிட்டதே. இறங்கிப்போய்ச் சாமான் மூட்டையைக் கிண்டி, கருவாட்டுப் பொதியை எடுத்துப் பிரித்து, பெண்சாதியின் மூக்குக்கு நேரே பிடித்தான். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கே அந்த நெடி அடித்தது. முந்தாநாள் தின்ற கோழியைப் பெட்சீற்றில் கண்டுபிடிக்கிற மூக்கு அது. இமைகூட அசையவில்லை.

"இதென்ன, வெங்காயமோ?" என்று கேட்டாள்.

கனகரத்தினம் கருவாட்டையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான். "அப்ப புட்டு ஆர் அவிக்கிறது?"

கஜீபன், அவன் நல்ல பிள்ளைதான், தான் நிற்கட்டோ என்று கேட்டான். வேண்டாம், பெரியம்மா பார்த்துக்கொள்ளுவா என்று என் பக்கம் கையைக் காட்டி அனுப்பிவிட்டாள். வான் பெரிய வீதியில் ஏறி மறையும்வரை படலையில் நின்று இருமினாள். பிறகு உள்ளே போனாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் காற்றாடி சுற்றுகிற சத்தம் மட்டுந்தான்.

மத்தியானம் நான் சோற்றையும் கறியையும் பார்சலாகக் கட்டினேன். ஓட்டைக்குள்ளால் புகுந்து போய், அவள் வாசலில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, பார்சலை அதில் வைத்து, கதவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நாலடி தள்ளி நின்றேன். கதவு ஒரு சாண் திறந்தது. நித்திரையில் வீங்கின முகம். எனக்கு வாய் சும்மா இருக்காது. "பிள்ளை, இண்டைக்குக் கத்..." என்று தொடங்கினேன்.

அவள் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். பார்சலை எடுத்து, கண்ணை மூடி, மூக்கோடு சேர்த்துப் பிடித்தாள்.