லாரீன் எழுதிய வெள்ளைத் திரை

லாரீன் தோரப் எனக்குப் பக்கத்து வீடு. எங்கள் ஊர் ஸ்பானிஷ் ஃபோர்க்கில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் பதினெட்டு வருடமாக வேலை. ஐந்து பிள்ளைகளை வளர்த்து, ஞாயிறு வகுப்பு நடத்தி, எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் சீஸ் போட்ட உருளைக்கிழங்குத் தட்டோடு போய் நின்று, மிச்ச நேரத்தில் ஒரு மாயக்கதை எழுதினாள். மாயக்கதை என்றாலே எனக்கு ஆகாது. புத்தகமாக வந்ததும் இதை ஒரே மூச்சில் படித்தேன்.

கதையில் ஒரு கல்கோபுரம். பேரன் வெள்ளை உடுத்தி, வெள்ளைத் திரைக்கு முன்னால், செத்துப்போன தாத்தா ராஜாவுக்குப் பதிலாக நின்று சத்தியம் செய்கிறான். ஏற்பதும் மறுப்பதும் ராஜாவின் இஷ்டம். எங்கள் மார்மன் சபை ஆட்கள் யார் படித்தாலும் இது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவார்கள்; செத்துப்போன சொந்தங்களுக்காக நாங்களும் ஆலயத்தில் போய் நிற்பதுண்டு. ஆனால் ஆலயத்துக்குள் நடப்பதை நாங்கள் வெளியே பேசுவதே இல்லை.

"வேணும்னு எழுதலடி, கை தானா எழுதிடுச்சு" என்றாள் லாரீன்.

"இனிமே உன்னை ஆலயத்துக்குள்ள விட்ட மாதிரிதான்!" என்றாள் அவள் நாத்தனார். அவள் வாயில் என்றைக்கு நல்ல வார்த்தை வந்திருக்கிறது?

மகள் பிரின்லிக்குப் பத்து நாளில் ஆலயத்தில் கல்யாணம். அனுமதிச் சீட்டு இல்லாவிட்டால் பெற்ற தாய்க்கும் வெளியே பெஞ்சுதான். லாரீனின் சீட்டு முடியப்போகிறது. புதுப்பிக்க பிஷப் ஹால்வர்சன் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவேண்டும். எங்கள் சபையில் பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது; அவர் வாரநாளில் குழாய் ரிப்பேர் செய்கிறவர். அன்றைக்கு நான்தான் கார் ஓட்டினேன். உள்ளே நடந்ததைப் பிறகு அவளே சொன்னாள்.

"எல்லாத்துலயும் நேர்மையா இருக்கீங்களா, சிஸ்டர்?"

எல்லோரும் ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகும் கேள்வி. இவளால் முடியவில்லை.

"பிஷப், என் புத்தகத்துல ஒரு வெள்ளைத் திரை வருது..."

"படிச்சேன்." பேனாவைக் கீழே வைத்துவிட்டார். லாரீனுக்கு உயிரே போய்விட்டது.

"அந்த ராஜா 'யோசிச்சுச் சொல்றேன்'ங்கிறாரே. எங்கப்பா சபைப் பக்கமே வராத மனுஷன். அவர் போனப்புறம் அவருக்காக நான் போய் நின்னேன். சத்தியமா மாட்டேன்னுதான் சொல்லியிருப்பார்னு இருபது வருஷமா மனசு கிடந்து அடிச்சுக்குது. யோசிக்கிறார்னு வச்சுக்கலாம்ல?"

"வச்சுக்கலாம், பிஷப்."

"அப்போ திரை?" என்று அவளே மறுபடி கேட்டிருக்கிறாள், அசடு.

"திரை எங்க வீட்டு ஜன்னல்லயும்தான் தொங்குது, சிஸ்டர்." கையெழுத்துப் போட்டார்.

சீட்டை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். அப்பாடா என்று எனக்கே அழுகை வந்துவிட்டது.

"உள்ள போறேன்டி," என்றாள். "எம்பொண்ணு கல்யாணத்தை உள்ள உக்காந்து பாக்கப் போறேன்."