செட் ஆகும் வரை

ஆண்களுக்குச் சமமான கூலி. தன் கைக்கென்று ஒரு கொத்துக்கரண்டி. தன் பேச்சைக் கேட்டு வேலை செய்யும் ஐந்து பேர். கொத்தனார் சான்றிதழ். தங்கை வாங்கிய இவற்றில் ஒன்றைக்கூட யாரும் சும்மா தூக்கிக் கொடுத்துவிடவில்லை. அக்காவுக்குத் தெரியாதா என்ன!

சித்தாளாகக் கலவை சுமந்த நாட்களில் தங்கைக்குத் தெரிந்த இங்கிலீஷ் ஒரே வார்த்தைதான்: செட். அதை வைத்தே காலத்தை ஓட்டினாள். கரண்டி, ரசமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் சேர்ந்தால் ஒரு செட். கூட வேலை பார்ப்பவர்கள் நம்ம செட். பலகையை நேராக நிறுத்தினால் செட் பண்ணியாச்சு. கலவை இறுகினால் செட் ஆயிடுச்சு. பெண் பார்க்க வந்தவன் படியிறங்கியதும் அக்கா, "என்னடி, பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்கும், "செட் ஆகாதுக்கா" என்றுதான் பதில். கட்டடத்தில் அவள் பெயரே செட்டு என்றாகிவிட்டது.

கரண்டி பிடிக்கிறேன் என்று அவள் கேட்டபோது மேஸ்திரி சிரித்தார். "நீ பூசுனா சுவரு நிக்குமா? சர்டிபிகேட் வாங்கிட்டு வா செட்டு, அப்புறம் பாக்கலாம்."

தங்கை வேலை முடிந்ததும் பயிற்சி மையத்துக்குப் போய்ப் பழகினாள். தேர்வன்று அக்கா தையல் கடைக்கு லீவு போட்டுவிட்டு, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி வெளியே நின்றாள். ஆளுக்கொரு சுவர். மதியத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். வந்தவர்களில் தங்கை ஒருத்திதான் பெண்.

மற்றவர்கள் கலவையை அடித்து, மட்டம் இழுத்து, கையோடு தேய்க்கவும் தொடங்கிவிட்டார்கள். தங்கை மட்டம் இழுத்ததும் மட்டக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

அக்கா ஜன்னல் கம்பியைத் தட்டினாள். "ஏய், என்னடி உக்காந்துட்ட? எல்லாரும் முடிக்கப் போறாங்க!"

"சும்மா இரு அக்கா. இன்னும் செட் ஆகல."

அதே கட்டடத்திலிருந்து தேர்வுக்கு வந்திருந்த பக்கத்துச் சுவர்க்காரன் திரும்பினான். "யாராவது செட்டுக்கு ஒரு காபி சொல்லுங்கப்பா, பாவம் களைச்சுப் போச்சு."

"உன் சுவரப் பாருண்ணே. நீ தேய்க்கத் தேய்க்கத் தண்ணி மேல வருது."

அவள் அவ்வப்போது எழுந்து விரலால் பூச்சை அழுத்திப் பார்த்தாள். ஒருமுறை கலவை விரலில் ஒட்டவில்லை. உடனே தேய்ப்புக்கட்டையை எடுத்தாள். அப்புறம் நிமிரவே இல்லை.

மதியம் தேர்வாளர் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கத்துச் சுவரில் முடி முடியாக வெடிப்பு. அடுத்து தங்கையின் சுவரைக் கையால் தடவினார், மறுபடியும் தடவினார்.

"யாரு பூசினது?"

"நான்தான் சார்."

"அவசரப்படல நீ. பாஸ்."

வெளியே நின்ற அக்கா இடம் பொருள் பார்க்காமல் கைதட்டிவிட்டாள்.

அலுவலக மேசையில் எழுத்தர் பதிவேட்டோடு மைப்பெட்டியையும் நகர்த்தினார். "இங்க கைநாட்டு வைம்மா."

"பேனா குடுங்க சார்."

தையல் கடை வெட்டுத்தாளில் அக்கா எழுதிக் காட்டக் காட்டப் பழகிய பெயர் அது. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக இறக்கினாள். கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டிக்கொண்டு போனது. அதன் கீழே எழுத்தர் தேதியிட்டார்: 17 மார்ச் 2014, திங்கட்கிழமை.