காலியா என்று பார்ப்பவர்

"எட்டாயிரத்து எண்பது யாருக்காவது வேணுமா? வேணாம்ல? அப்ப அது என்னுது!"

நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, ஊருக்கே தண்டோரா போட்டுவிட்டுக் காபி எடுக்கப் போகிறார் போர்ட் அண்ணன். மென்பொருளைச் சோதித்துப் பார்ப்பது அவர் உத்தியோகம். ஒருவரும் நிமிர்வதில்லை, எல்லார் காதிலும் ஹெட்ஃபோன்.

போர்ட் என்பது கணினிக்குள் எண் போட்ட வாசல். ஒரு வாசலில் ஒரு புரோகிராம்தான் நிற்கலாம். அந்த அலுவலகத்தில் எல்லாருடைய சோதனையும் ஒரே மெஷினில் ஓடுவதால் காலி வாசலுக்கு அடிதடி. அண்ணன் ஒரு வாசலை எட்டிப் பார்ப்பார். காலி. திருப்தியாகத் தலையாட்டிவிட்டு எழுந்து போவார். ஊர்வம்பெல்லாம் பேசி முடித்துத் திரும்பிவந்து சோதனையைத் தொடங்கினால், இங்கே ஆள் இருக்கிறது என்று மெஷின் முகத்திலடித்தாற்போல் சொல்லும். "எவன்டா அது? இப்பத்தானே பாத்தேன்!" என்று குதிப்பார்.

வீட்டிலும் இதே கூத்துதான். குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்து, காலி என்று உறுதி செய்துகொண்டு, துண்டு எடுக்கப் போவார். வருவதற்குள் மகள் உள்ளே தாழ் போட்டிருப்பாள். "காலியா இருந்தா உள்ள போயிடணும்ப்பா! பாத்துட்டுப் போனா அது உங்களுதா?" என்று தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே கத்துவாள். எத்தனை வருஷமாகக் கத்துகிறாளோ, பாவம்.

எதிர் வரிசையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "நம்பரே சொல்லாம பூஜ்யம்னு குடுத்துடுங்க சார். காலியா இருக்கறதுல ஒண்ண மெஷினே பிடிச்சுக் குடுத்துடும்."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, மெஷினே குடுத்துடும்னா அப்புறம் நான் எதுக்கு?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் யோசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

போன வாரம் வாடிக்கையாளருக்கு மென்பொருளை ஒப்படைக்கிற நாள். மதியம் கடைசிச் சோதனை ஓடவில்லை, வாசலில் ஆள். நேரே மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனார். "காலையிலேயே பாத்தேன் சார், காலியாத்தான் இருந்துச்சு. அந்தப் புதுப் பொண்ணு வேலைதான் இது." அவளை வேலையில் நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று அன்று மாலை முடிவாக வேண்டும். அது தெரிந்தேதான் சொன்னார். மேனேஜர் உதட்டைப் பிதுக்கினார்.

தன் இடத்துக்குத் திரும்பிவந்து அண்ணன் அதையே சத்தமாகச் சொன்னதும் அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. "நான் தொடவே இல்ல சார். யாரு நிக்கறாங்கன்னு கேட்டா மெஷினே பேரைச் சொல்லும். கேளுங்க, இதோ வரேன்," என்று எழுந்தாள்.

"கேக்கறேன், கேக்கறேன். அப்ப நீ மூஞ்சிய எங்க வெச்சுக்கறேன்னு பாக்கறேன்," என்று அண்ணன் கட்டளையைத் தட்டினார். திரையில் பளிச்சென்று ஒரு பெயர் வந்தது. அவர் பெயர். காலையில் அவரே ஓடவிட்டு, நிறுத்த மறந்து போன சோதனை!

அவள் நெருங்கிவிட்டாள். திரையில் அந்தப் பெயர் வந்த கட்டத்தை மூடினால் போதும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. சட்டென்று கண்ணாடி அறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். மேனேஜரின் நாற்காலி காலி. அப்பாடா என்று திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, குனிந்து, சிக்கிக்கொண்ட ஒயரை விடுவித்து, திரையை இரண்டு கையாலும் பிடித்து, அவள் கண்ணில் படாதபடி கண்ணாடி அறைப் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

கண்ணாடிக்கு அந்தப்புறம், காபிக் கோப்பையோடு வந்து உட்கார்ந்துவிட்டிருந்த மேனேஜர், மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.