தலையில்லாத இறால்

வெர்னெல் பொய் சொல்லப் பழகியது ஐம்பது வயதுக்கு மேல்தான். அதற்கு முன்பு தேவைப்படவில்லை. சார்ல்ஸ்டன் என்னும் கடற்கரை நகரத்தின் பழைய தெருவில் இருக்கும் அந்த உணவகத்தில் அவள் பரிமாறச் சேர்ந்த காலத்தில், இறால் நிஜமாகவே அன்று காலை பிடித்ததுதான். முதலில் அவள் அப்பா கொண்டுவந்து போட்டார், பிறகு தம்பி ஆமோஸ். பின்னால் கடை கைமாறியது. வேறு ஏதோ நாட்டில் குளத்தில் வளர்த்த இறால், உறைந்துபோய், அட்டைப்பெட்டியில் வர ஆரம்பித்தது. ஆமோஸின் படகு கழிமுகத்துச் சேற்றில் கட்டிக் கிடந்தது. அவன் ஒரு கிடங்கில் வண்டி ஓட்டப் போனான்.

மேலாளர் கார்ட்டர் நயமாகப் பேசத் தெரிந்தவன். "மிஸ் வெர்னெல், உங்க தம்பி கடலுக்குப் போறவர்தானே? அதைத்தானே சொல்லச் சொல்றேன். இல்லாததையா சொல்றோம்?" என்றான்.

அவளும் சொன்னாள். வெள்ளி காலை வந்திறங்கி, ஞாயிறு மதியம் திரும்புகிற சாப்பாட்டுப் பிரியர்கள் அதைக் கேட்கத்தான் வருவார்கள். சோளக்கூழின் மேல் இறால் வைத்த தட்டை மேசையில் இறக்கிக்கொண்டே, "இன்னிக்குக் காலைல என் தம்பி வலையில விழுந்தது" என்பாள். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார்கள். அந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் அவள் நாக்கின் அடியில் புளித்த எச்சில் ஊறும். சமையலறைக்குப் போய்த் துப்பிவிட்டு வருவாள்.

அந்த வெள்ளிக்கிழமை ஒஹையோவிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். டென்னிஸ், ஜூடித். பல்லை வெளுப்பாக்கிக்கொண்ட, நல்ல மனசுக்காரர்கள். காலையில் இரண்டு கடை, மதியம் சிப்பிக் கடை, இடையில் பன்றிக்கறி என்று ஊரையே மென்றுகொண்டு வந்திருந்தார்கள். டென்னிஸ் இடுப்புவாரைத் தளர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தார். முதலில் வாங்கியதைப் பாதி தின்று தள்ளிவைத்த தட்டில் ஜூடித் வாய் துடைத்த காகிதத்தைப் போட்டாள். இறாலைக் கொண்டுவந்து வெர்னெல் கதையைச் சொன்னதும் ஜூடித்தின் கண் கலங்கிவிட்டது.

"உங்க தம்பியைப் பாக்கணும், மிஸ் வெர்னெல். அந்தக் கையைத் தொட்டுப் பாக்கணும்."

அவள் ஏதோ சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருப்பாள். பக்கத்து மேசையில் நின்ற கார்ட்டருக்குக் காது கூர்மை. "நாளைக்கே கூட்டிட்டுப் போவாங்க" என்றான்.

ஆமோஸ் மறுப்பான் என்றுதான் அவள் நம்பினாள். வாய்க்கு வந்தபடி திட்டி ஃபோனை வைத்துவிடுவான், தான் பிழைத்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அவள் சொல்லி முடிக்கும்வரை அவன் கேட்டான். பிறகு, "படகுத் தளத்தைக் கழுவணும்க்கா. ஒரே நாரைப் பீ" என்றான்.

சனிக்கிழமை காலை அவர்களைக் கூட்டிக்கொண்டு போனபோது படகு பளிச்சென்று இருந்தது. ஆமோஸ் வெள்ளை ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு நின்றான். வலை நனைந்திருந்தது, குழாய்த் தண்ணீரில். ஐஸ் பெட்டியைத் திறந்தான். கார்ட்டர் விடியலிலேயே கொடுத்தனுப்பிய பெட்டி இறால் உள்ளே குவிந்து கிடந்தது. பெட்டியில் தலை கிள்ளித்தான் வரும்; ஒன்றுக்கும் தலையில்லை.

"தலையெல்லாம் எங்க?" என்று டென்னிஸ் கேட்டார்.

"கடல்லயே கிள்ளிப் போட்டுருவோம் சார். பின்னாடியே வர்ற டால்பின் ஏமாந்து போயிரக் கூடாதுல்ல."

ஜூடித் சிரித்தாள். படம் எடுத்தாள். அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஆமோஸுக்கு முகம் மலர்ந்துகொண்டே போனது. கிடங்கில் அவன் பேரைக்கூடக் கேட்காதவர்களோடு இருந்துவிட்டு வந்தவன், பேச்சை நிறுத்தவே இல்லை. பேச்சில் புயல் வந்தது, திமிங்கிலச் சுறா வந்தது. கடைசியில் அப்பா வந்தார்.

"எங்கப்பா இதே படகுலதான் போனாரு மேடம். வலை இழுக்கையில அலை வாரிக்கிட்டுப் போயிருச்சு. உடம்புகூடக் கெடைக்கல."

ஜூடித் வாயைப் பொத்திக்கொண்டாள். டென்னிஸ் தொப்பியைக் கழற்றினார்.

 சர்க்கரை நோயில் கால் அழுகி, முதியோர் இல்லக் கட்டிலில் மாதக்கணக்காகக் கிடந்து செத்தவர் அப்பா. புண்ணைக் கழுவியவள் வெர்னெல். அந்த வாடைக்கு அஞ்சி வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனவன் இவன். அவள் கைப்பிடிக் கம்பியைப் பற்றிக் குனிந்தாள். காலையில் குடித்த காப்பி முழுவதும் சேற்றில் விழுந்தது.

"வெயில் ஒத்துக்கலையா?" என்று ஜூடித் முதுகைத் தடவ வந்தாள்.

"தொடாதீங்க." வெர்னெல் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "எங்கப்பா கட்டில்லதான் செத்தாரு. இந்தப் படகு தண்ணியில இறங்கி ரெண்டு வருஷம் ஆச்சு. இது எந்த நாட்டுக் குளத்துல வளந்ததுன்னு எனக்கும் தெரியாது, இவனுக்கும் தெரியாது. நேத்து நான் சொன்னதும் பொய்தான்."

ஆமோஸ் பெட்டியின் மூடியைச் சாத்தினான்.  டென்னிஸ் தொப்பியை மறுபடி மாட்டிக்கொண்டார். "ஆனா ருசியா இருந்துச்சே, என்ன ஜூடித்?"

ஜூடித்துக்குக் கோபம் வந்திருந்தது. கோபம் வெர்னெல் மேல். "ரெண்டு நாள் சந்தோஷமா இருக்கலாம்னு வந்தோம். இதை எங்ககிட்ட ஏன் சொன்னீங்க? யாரு கேட்டா?"

அவர்கள் போனபின் ஆமோஸ் பூட்ஸைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்தான். "திருப்திதானேக்கா? ஒரு நாள். ஒரே ஒரு நாள் நான் மனுஷனா நின்னது பொறுக்கல உனக்கு."

"மனுஷனாவா நின்ன? அப்பாவைக் கூறு போட்டு வித்தியேடா."

"ஆரம்பிச்சது யாரு? தினம் ராத்திரி என் பேரைச் சொல்லி வித்தது யாரு?"

 வெர்னெலுக்கு நாக்கின் அடியில் மறுபடியும் எச்சில் ஊறியது. இந்தத் தடவை துப்ப இடம் தெரியவில்லை, விழுங்கினாள்.

ஞாயிறு மதியம் கடைக்குப் போனாள். ஜன்னலோர மேசையில் டென்னிஸும் ஜூடித்தும் இருந்தார்கள். வேறொரு பெண்ணைப் பரிமாறக் கேட்டிருந்தார்கள். அதே இறால், அதே சோளக்கூழ். அந்தப் பெண் குனிந்து ஏதோ சொல்ல, ஜூடித் கண்ணை மூடி மென்றாள். வெர்னெல் அங்கேயே நின்று முன்னால் கட்டியிருந்த ஏப்ரனின் முடிச்சை அவிழ்த்தாள். கார்ட்டர் ஓடிவந்து, "மிஸ் வெர்னெல், கூட்டமா இருக்கிற நேரத்துல இப்படிப் பண்ணலாமா?" என்றான். துணியை அவன் தோளில் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

இப்போது ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அங்கேயும் பெட்டி மீன்தான். பெட்டி மீன் என்று பிள்ளைகளுக்கும் தெரியும், திட்டிக்கொண்டே தின்கிறார்கள். ஆமோஸைச் சனிக்கிழமைதோறும் படகில் நிற்க வைத்திருக்கிறான் கார்ட்டர். கிடங்கு வேலையை விட்டாகிவிட்டது. படகுக்குப் புதுச் சாயம். அப்பா வாராவாரம் மூழ்குகிறார்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவன் வாளியோடு வந்து அவள் வாசலில் நின்றான். "நெசமாவே போனேன்க்கா. வேணும்னா மோந்து பாரு."

இறால்கள் தலையோடு இருந்தன, மீசை அசைந்தது. அவள் மோந்து பார்க்காமல் வாளியை வாங்கிக்கொண்டாள். தலையைக் கிள்ளி, குடலை உருவி, வெண்ணெயில் போட்டு வதக்கி அவன் முன்னால் வைத்தாள். அவன் குனிந்த தலை நிமிராமல் தின்றான். அவள் எதிரே உட்கார்ந்து, முந்தின நாள் செய்த வெண்டைக்காய்ச் சோற்றை எடுத்துப்போட்டுச் சாப்பிட்டாள்.

"ஒண்ணாவது எடுத்துக்கக்கா."

"வேணாம்டா," என்றாள் வெர்னெல். "நீ தின்னு."