வீட்டு உபயோகத்துக்கு மட்டும்

எனக்குத் துரோகம் செய்தவன் ஏகாம்பரம், என் மனைவியின் தம்பி. புல் வெட்டுவது குனிந்து செய்கிற வேலை. குனிந்தவன் முதுகில் யார் வேண்டுமானாலும் ஏறலாம் என்பதை, என்னைப் போல ஹோட்டல் தோட்டங்களில் காலம் தள்ளியவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

ஆந்திர எல்லையில் நகரிப் பக்கம் எனக்கு ஊர். தமிழை எழுத்துக் கூட்டிப் படிப்பேன், தெலுங்கில் பஸ் போர்டு வரைக்கும் வரும், இங்கிலீஷ் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சொல்லாமல் விட்டதால்தான் இவ்வளவும்.

அரிவாளுக்கு ஓய்வு

திருப்பதியில் ஒரு ஹோட்டலின் புல்வெளி, ஒன்றரை ஏக்கர். கான்ட்ராக்ட் என் பேரில். நானும் மனைவி கஸ்தூரியும் அரிவாளோடு உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து வெட்டுவோம். மறு மூலைக்குப் போய்ச் சேர்வதற்குள் முதல் மூலை வளர்ந்துவிடும். அப்போதுதான் பெங்களூருக்குக் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிள்ளைகள், அப்பா அம்மாவைக் காரில் வைத்துக்கொண்டு சாமி கும்பிட வர ஆரம்பித்தார்கள். அவர்களுக்கு அறைக்கு வெளியே புல் வேண்டும், புல்லில் நாங்கள் இருக்கக் கூடாது. ரெண்டு மாதத்துக்குள் மிஷின் வாங்கு, இல்லாவிட்டால் கான்ட்ராக்ட் வேறு ஆளுக்கு என்று மேனேஜர் சொன்னார். சொல்லிவிட்டு கஸ்தூரியைக் கையால் காட்டினார்: "கெஸ்ட்டுங்க காப்பி குடிக்கறப்போ எதுர்ல ஒரு பொம்பள குந்திக்கினு நகர்ந்தா நல்லா இருக்குதா?"

எத்தனை மாடு

சீட்டு எடுத்த பன்னிரண்டாயிரம் என்னிடம் இருந்தது. பலமனேரில் விலை குறைவு என்று யாரோ சொல்ல, போனேன். தமிழில் கேட்டால் மதிக்க மாட்டார்களோ என்று தெலுங்கில் கேட்டேன். புல்லுக்குத் தெலுங்கில் 'கட்டி'. புல் அறுக்கிற மிஷின் என்பதற்கு 'கட்டி கோசே மிஷின்' என்றேன். எத்தனை மாடு என்றார் கடைக்காரர். எங்கள் வீட்டில் மாடு இருந்ததே இல்லை. நிலமே இல்லாதவனுக்கு மாடு எதற்கு? ஆளை எடை போடுகிறார் என்று நினைத்து, நாலு என்றேன். கறவையா என்றார். ரெண்டு கறவை என்றேன். மரியாதையாக டீ வரவழைத்தார்.

சாக்கில் கட்டிய இரும்பைப் பஸ் மேலே ஏற்றினார்கள். உள்ளே சக்கரம் தட்டுப்பட்டது. புல் மிஷினுக்குச் சக்கரம் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். ஹோட்டலில் எல்லார் முன்னாலும் சாக்கைப் பிரித்தால், மாட்டுக்குச் சோளத்தட்டை நறுக்குகிற மிஷின். திருப்பிக் கொடுத்ததில் ஆயிரம் ரூபாய் போயிற்று. நாலு மாடும் என்ன ஆயிற்று என்று கடைக்காரர் கேட்டதற்கு, விற்றுவிட்டேன் என்றேன். ஹோட்டலில் மேனேஜர் கேட்டது: "மாடு எந்த ரூம்ல தங்கி இருக்குதுப்பா?"

கார்டு

அடுத்த முறை ஏகாம்பரத்தைக் கூட்டிப் போனேன். பத்தாவது வரை படித்தவன், ஒரு லாட்ஜில் உட்கார்ந்து வருகிறவர்கள் பேரை இங்கிலீஷில் எழுதுகிறவன். திருப்பதியிலேயே ஒரு கடை. ரெண்டு மிஷின் காட்டினார்கள். ஒன்று கனத்த இரும்பு, தானே நகரும், விலை என் கையில் இருந்ததைப் போல மூன்று மடங்கு. இன்னொன்று சிவப்பு, ஒரு கையால் தூக்கலாம், பத்தாயிரத்து ஐந்நூறு. சிவப்பு என் மனசில் உட்கார்ந்துவிட்டது.

கடைக்காரர் இங்கிலீஷில் அச்சடித்த கேரண்டி கார்டு ஒன்றைக் கொடுத்து, படித்துக்கொள்ளுங்கள் என்றார். ஏகாம்பரத்திடம் நீட்டியிருக்க வேண்டும். ஆனால் மாட்டு விஷயத்தை அவன் லாட்ஜ் முழுக்கச் சொல்லிச் சிரித்திருந்தான். அவன் முன்னால் இன்னொரு முறை முட்டாளாக எனக்கு மனசு வரவில்லை. கார்டில் விரலை வைத்து வரி வரியாக நகர்த்தினேன். பின்பக்கம் திருப்பி அங்கேயும் நகர்த்தினேன். ஏகாம்பரம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லாம் சரியாகப் போட்டிருக்கிறது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கடைக்காரருக்குச் சந்தோஷம்: "படிச்சவங்க வந்தா எனக்கு வாய்வலி மிச்சம்ணா."

பாதிப் புல்

சிவப்பு மிஷின் ஐந்து வாரம் ஓடியது. ஒரு கல்யாண வரவேற்பு அன்று காலையில், பாதிப் புல்வெளியில் புகை விட்டு நின்றது. இஞ்சின் ஜாம். கடைக்குத் தூக்கிப் போனேன், ஏகாம்பரமும் வந்தான். கடைக்காரர் கார்டை வாங்கி ஒரு வரியைக் காட்டினார். வீட்டு உபயோகத்துக்கு மட்டும், ஹோட்டலில் ஓட்டினால் இலவச ரிப்பேர் கிடையாது என்று போட்டிருக்கிறதாம். நீங்கள்தான் படித்தீர்களே என்றார். அந்த வரியில் என் விரல் அழுக்கு இருந்தது.

ஏகாம்பரத்தைத் திரும்பிப் பார்த்தேன். அவன் பார்வையைத் தாழ்த்தவில்லை. "நீதான் விரல் வச்சி படிச்சிக்கினு இருந்தியே மாமா. நடுவுல நான் இன்னாத்துக்கு வாயக் குடுக்கணும்?"

கஸ்தூரி கேட்டது

மீதிப் பாதியை நானும் கஸ்தூரியும் அரிவாளால் வெட்டினோம். விருந்தாளிகள் வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் வெட்டினோம். ஒருவர் எங்களைப் போட்டோ எடுத்தார். மறுநாள் கான்ட்ராக்ட் போயிற்று. ஹோட்டல்காரர்கள் அந்தக் கனத்த மிஷினையே வாங்கி, அதன் பின்னால் நடக்க என்னைத் தினக்கூலிக்கு வைத்தார்கள். நல்ல மிஷின், குறை சொல்ல முடியாது. வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன்னால், தினம் எத்தனை மணி நேரம் ஓடும் என்று கேளுங்கள். ஒரு கையால் தூக்க முடிந்தால், அப்படியே கீழே வைத்துவிடுங்கள்.

உன் தம்பி கார்டைப் படித்துவிட்டு வேண்டுமென்றே சும்மா இருந்தான் என்று கஸ்தூரியிடம் சொன்னேன். என் விரலைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் அவனோடு பேச்சை நிறுத்தினாள். அவன் மகளுடைய மஞ்சள் நீராட்டுக்கு, அத்தையாக முன்னால் நிற்க வேண்டியவள், போகவில்லை. பத்திரிகையோடு அவன் எங்கள் வாசலில் நின்றபோது அவள் கேட்டது ஒன்றுதான்: "அவருக்கு இங்கிலீஷ் தெரியாதுன்னு உனுக்குத் தெரியாதாடா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் செருப்பைத் தேடினேன். என் விரல் கதையை அவன் அப்போதே அவளிடம் போட்டு உடைத்திருக்கலாம். உடைக்கவில்லை. பத்திரிகையை ஜன்னலில் வைத்துவிட்டுப் போனான்.

ஆக, மிஷின் போய், கான்ட்ராக்ட் போய், கஸ்தூரிக்குப் பிறந்த வீடும் போன பிறகும், 'ஆமா மாமா, கார்டப் படிச்சிட்டுத்தான் கம்முனு இருந்தேன்' என்று ஏகாம்பரம் என்னிடம் சொல்ல வேண்டியது மட்டும் இன்னும் பாக்கி நிற்கிறது.